காசு போட்டு கடற்கரையை வாங்கிய 40 ஆயிரம் பேர்... நியூசிலாந்தில் நடந்தது என்ன?

ஒரு கடற்கரை விற்பனைக்கு வந்தால் யார் வாங்குவார்கள்? பெரும் பணக்காரர்தான் என்று நினைப்போம். ஆனால் 2016-ல் நியூசிலாந்து மக்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு ஒரு கடற்கரையையே வாங்கினார்கள். அதை நாட்டுக்கே கொடுத்தும் விட்டார்கள்.

எந்தக் கடற்கரை?

நியூசிலாந்தின் தெற்குத் தீவில், வட முனையில் இருக்கிறது ஏபெல் டாஸ்மன் தேசியப் பூங்கா. 1942-ல் உருவான இதுதான் அந்த நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்கா. அதை ஒட்டியுள்ள அவரோவா என்ற இடத்தில் சுமார் 7 ஹெக்டேர், அதாவது 17 ஏக்கர் நிலம் தனியாரிடம் இருந்தது. 800 மீட்டர் நீள மணற்பரப்பும் அதில் அடக்கம். இந்த நிலம் டெண்டர் மூலம் விற்பனைக்கு வந்தது. வாங்குபவர் பொதுமக்களை உள்ளே விடாவிட்டால் என்ன செய்வது என்பதுதான் பலரின் கவலை.

பணம் எப்படிச் சேர்ந்தது?

கிறைஸ்ட்சர்ச்சைச் சேர்ந்த டுவேன் மேஜரும் அவரது மைத்துனர் ஆடம் கார்ட்னரும், 'கிவ் எ லிட்டில்' என்ற நிதி திரட்டும் இணையதளத்தில் முயற்சியைத் தொடங்கினர். இதில் யாரும் உடனே பணம் கட்டவில்லை. "டெண்டர் கிடைத்தால் இவ்வளவு தருகிறேன்" என்று உறுதி மட்டும் கொடுத்தார்கள்.

சில வாரங்களில் சுமார் 40 ஆயிரம் பேர் சேர்ந்தனர். தொகை 22 லட்சம் நியூசிலாந்து டாலரைத் தாண்டியது. அன்றைய மதிப்பில் சுமார் 10 கோடி ரூபாய். சராசரியாகப் பார்த்தால் ஒருவருக்கு 2,500 ரூபாய்தான். அரசும் தன் பங்காக மூன்றரை லட்சம் டாலர் தந்தது. பிப்ரவரி மாதமே டெண்டர் மக்கள் பக்கம் வந்தது.

பணக்காரர் உதவியை ஏன் மறுத்தார்கள்?

தொழிலதிபர் கேரத் மோர்கன் பண உதவி செய்ய முன்வந்தார். ஆனால் நிலத்தின் ஒரு பகுதியைத் தன் குடும்பம் பயன்படுத்த வேண்டும் என்று நிபந்தனை போட்டார். எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்றுதானே காசு கேட்டோம் என்று பிரசாரக் குழு அதை ஏற்கவில்லை.

வாங்கிவிட்டால் போதுமா?

போதாது. அவரோவாவைக் காப்பாற்றியது அடுத்த படிதான். 2016 ஜூலையில் அந்த நிலம் தேசியப் பூங்காவுடன் சேர்க்கப்பட்டது. இனி அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. பராமரிப்பது அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை.

அந்தப் பராமரிப்பு லேசான வேலை இல்லை. நியூசிலாந்தில் எலி, ஸ்டோட் போன்ற விலங்குகள் எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டை, குஞ்சுகளை இவை தின்றுவிடும். இந்தப் பூங்காவில் பொறி வைத்து இவற்றைப் பிடிப்பது, காகா கிளி போன்ற உள்ளூர்ப் பறவைகளைத் திரும்பக் கொண்டுவருவது என்று 'புராஜெக்ட் யான்சூன்' என்ற அறக்கட்டளை அரசுடன் சேர்ந்து வேலை பார்க்கிறது. பூங்காவுக்கு 100 வயதாகும் 2042 வரைக்கும் திட்டம் இருக்கிறது.

காசு போடும் முன் என்ன கேட்கணும்?

இயற்கையைக் காக்க என்று யார் நிதி கேட்டாலும் மூன்று கேள்விகள் முக்கியம். முயற்சி தோற்றால் பணம் என்ன ஆகும்? நிலம் யார் பெயரில் பதிவாகும்? அதன் பிறகு பராமரிக்கப்போவது யார்? அவரோவாவில் இந்த மூன்றுக்கும் பதில் இருந்தது.