மாறுகண் ஆபரேஷனுக்குப் பிறகு... அந்த குட்டி பாட்டிலை எப்படி யூஸ் பண்ணணும்?

'மாறுகண் இருந்தா அதிர்ஷ்டம்'னு சொல்லியே சிகிச்சையைத் தள்ளிப்போட்ட குடும்பங்கள் நம்ம ஊர்ல நிறைய. இப்போ பலரும் ஆபரேஷன் முடிஞ்ச அன்னிக்கே வீட்டுக்கு வந்துடுறாங்க. கையில் ஒரு சொட்டு மருந்து பாட்டிலோட!

ஒவ்வொரு கண்ணையும் அசைக்க 6 தசைகள் உண்டு. வெள்ளை விழியின் மேலிருக்கும் மெல்லிய சவ்வைத் திறந்து, தசையைப் பின்னால் நகர்த்தியோ நீளத்தைக் குறைத்தோ, தானாகக் கரையும் நூலால் தைக்கிறார்கள். அதனால்தான் கண் ரத்தச் சிவப்பாகி, மண் விழுந்த மாதிரி உறுத்துகிறது. சிவப்பு முழுசாக மறைய சில வாரங்கள் ஆகலாம். பயப்பட வேண்டாம்.

இந்த வீக்கத்தைக் குறைக்க பெரும்பாலும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து தருவார்கள். பிரெட்னிசலோன், டெக்ஸாமெத்தசோன், ஃப்ளூரோமெத்தலோன், லோட்டிபிரெட்னால் எல்லாம் இந்த வகை. தொற்று வராமலிருக்க ஆன்டிபயாடிக்கையும் சேர்த்துத் தருவதுண்டு. கீட்டோரோலாக் போன்ற ஸ்டீராய்டு அல்லாத மருந்துகளும் இருக்கின்றன.

ஸ்டீராய்டு விட்டால் சிவப்பு வேகமாகக் குறையும். சிக்கலே அதுதான். ஆறு மாசம் கழிச்சு கண் சிவந்தா, 'அன்னிக்கு இதானே கேட்டுச்சு'ன்னு மெடிக்கல் ஷாப்ல அதே பேரைச் சொல்லி வாங்கிடுறோம். டாக்டர் சீட்டு இல்லாம விற்கக் கூடாத மருந்து, ஆனா கிடைக்குது. சிலருக்கு, குழந்தைகள் உட்பட, வாரக்கணக்கில் இதை விட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். வலி தெரியாது, பார்வையும் உடனே மங்காது. கண் நரம்பு கெட்டுப்போனால் அதைத் திரும்ப மீட்க முடியாது. நீண்ட நாள் விட்டால் கண்புரையும் வரலாம். அந்தச் சிவப்புக்குக் காரணம் ஹெர்பெஸ் வைரஸாக இருந்தால், ஸ்டீராய்டு நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

அதுக்காக பயந்துபோய் நடுவில் நிறுத்திடாதீங்க. ஒரு நாளைக்கு 4 வேளை, அப்புறம் 3, 2 என டாக்டர் எழுதிய கணக்கில்தான் குறைக்கணும். ரிவ்யூவுக்கு வரச் சொன்ன தேதியையும் தவறவிடாதீங்க. அழுத்தம் ஏறியிருக்கான்னு அங்கேதான் தெரியும்.

விடும்போது கையைக் கழுவிட்டு, கீழ் இமையை இழுத்து ஒரே ஒரு சொட்டு. கண்ணில் அதுக்கு மேல் இடம் கிடையாது, வழிஞ்சு கன்னத்துக்குத்தான் போகும். பாட்டில் முனை கண்ணில் படக் கூடாது. கண்ணை மூடி, மூக்கோரத்தை ஒரு நிமிஷம் அழுத்திக்கோங்க. இல்லைன்னா தொண்டையில் கசக்கும். பிரெட்னிசலோன் பால் மாதிரி இருந்தா குலுக்கிட்டு விடணும். அடுத்த மருந்துக்கு 5 நிமிஷ இடைவெளி. அடம்பிடிக்கிற குழந்தையைப் படுக்க வெச்சு, மூடிய கண்ணின் உள்மூலையில் விட்டு, கண்ணைத் திறக்கச் சொன்னாலே போதும்.

முதல் சில நாள்கள் எல்லாம் ரெண்டாகத் தெரிவது சகஜம். ஆனா வலி நாளுக்கு நாள் கூடினாலோ, பார்வை மங்கினாலோ, இமை வீங்கி சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்னிக்கே டாக்டரிடம் போயிடுங்க. பாட்டிலைத் திறந்து ஒரு மாசம் ஆயிடுச்சா? மருந்து மிச்சம் இருந்தாலும் குப்பையில் போட்டுடுங்க.