கசப்பேறாத சாடி

பொ.யு. 2ஆம் நூற்றாண்டு. ரோமின் பலத்தீன் குன்றிலுள்ள அரண்மனை மதுக்கிடங்கில் ஒரு மருத்துவர் சாடி சாடியாகத் திறந்து ருசி பார்த்துக்கொண்டிருக்கிறார். பெயர் கேலன். பெர்கமோனில் பிறந்த கிரேக்கர். பேரரசர் மார்கஸ் அரேலியஸுக்கான விஷமுறிவு மருந்தைக் கலந்து கொடுப்பது அவர் பொறுப்பு. பாம்பு இறைச்சி, அபின், லவங்கப்பட்டை என்று பற்பல சரக்குகள் சேரும் மருந்து அது. அதில் ஊற்ற ஆகச் சிறந்த ஒயின் வேண்டும். ஆகச் சிறந்தது என்றால் அன்றைக்கு ஃபலேர்னியன்தான்.

கேலன் செய்ததை அவரே எழுதி வைத்திருக்கிறார். சாடிகள் மேலிருந்த ஆண்டுக் குறிப்புகளைப் படித்தார். இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஃபலேர்னியன்களை ஒவ்வொன்றாக நாக்கில் வைத்துப் பார்த்தார். கசப்பின் சுவடே இல்லாத ஒன்று கிடைக்கும்வரை நிறுத்தவில்லை. பழையதாகவும் இருக்க வேண்டும், இனிப்பும் போயிருக்கக் கூடாது. அதுதான் அவருடைய அளவுகோல்.

ஒயின் சுவைத்தலின் வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கிடங்கைத்தான் காட்டுவேன். இன்று ஒரு சுவைஞர் கேட்கும் கேள்விகள் எல்லாம் இங்கே இருக்கின்றன. எந்த ஊர்ச் சரக்கு? எந்த ஆண்டு? நாக்கில் எப்படி நிற்கிறது? இன்னும் எத்தனை காலம் தாங்கும்?

ஃபலேர்னியன் இத்தாலியின் காம்பானியா பகுதியில், மாசிகோ மலைச்சரிவை ஒட்டி விளைந்தது. 'இயற்கை வரலாறு' எழுதிய மூத்த பிளினி அதை மூன்றாகப் பிரிக்கிறார்: கடுமையானது, இனிப்பானது, மெல்லியது. தீ வைத்தால் பற்றிக்கொள்ளும் ஒரே ஒயின் இதுதான் என்றும் சொல்கிறார். வடித்தெடுத்தல் இல்லாத காலம். வெறும் நொதித்தலில் வரும் ஒயின் சாதாரணமாகத் தீப்பிடிக்காது. சூடாக்கும்போது எழுந்த ஆவி பற்றியிருக்கலாம் என்பது என் ஊகம். எப்படியானாலும் வீரியம் மிகுந்த சரக்கு என்பதில் சந்தேகமில்லை. ரோமர்கள் ஒயினைத் தண்ணீர் கலந்தே குடித்தார்கள்.

பிளினியின் அந்த மூன்று சொற்களைக் கொஞ்சம் கவனியுங்கள். கடுமை, இனிப்பு, மென்மை. பழத்தின் பெயர் இல்லை, பூவின் பெயர் இல்லை. இன்றைய ஒயின் குறிப்புகளில் கறுப்புத் திராட்சை, செர்ரி, ஈரமண், புகையிலை, தோல் என்று வாசனைப் பட்டியல் நீளும். அந்தப் பட்டியலுக்கு ஒழுங்கு கொடுத்தவர்களில் முக்கியமானவர் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் நோபிள். 1984இல் அவர் வெளியிட்ட மணச்சக்கரத்தில் நடுவில் பொதுவான வகைகள் இருக்கும். வெளியே போகப்போகக் குறிப்பான பொருள்கள் வரும். 'பழமணம்' என்று தொடங்கி 'எலுமிச்சை' என்று போய் முடியலாம். ரோமர்களின் சொற்களோ பெரும்பாலும் தொடு உணர்வையும் வலுவையும் வயதையும் பற்றியவை.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பெரியப்பா நினைவுக்கு வருவார். கள்ளைப் பற்றிக் கேட்டால், "காலையில எறக்குனது நாக்குல வழுக்கிட்டுப் போகும். பொழுது சாஞ்சா கடிக்கும்" என்பார். அவ்வளவுதான் அவருடைய சுவைக்குறிப்பு. ஆனால் அதில் பதம், வயது, வேகம் மூன்றும் வந்துவிட்டன.

'கடிக்கும்' என்ற சொல்லுக்கு நம்மிடம் இரண்டாயிரம் ஆண்டு வயது இருக்கலாம். புறநானூற்றின் 392ஆம் பாட்டில் ஔவையார் நாள்பட்ட தேறலின் கடுப்பைத் தேள் கொட்டுவதற்கு ஒப்பிடுகிறார். மண்ணில் புதைத்துப் பக்குவப்படுத்திய கள்ளைக் கபிலர் பாடுகிறார். மூங்கில் குழாயில் முதிர்ந்த தேறல் திருமுருகாற்றுப்படையில் வருகிறது. நாள்பட வைப்பது ஒரு மேன்மை என்ற எண்ணம் இங்கும் இருந்திருக்கிறது. ஆனால் இங்கே கணக்கு நாள்களில். ரோமில் கணக்கு ஆண்டுகளில். பனை, தென்னைக் கள் சீக்கிரம் புளிக்கும். திராட்சையில் சர்க்கரை அதிகம், அமிலம் அதிகம், தோலிலும் விதையிலும் டானின் உண்டு. நொதித்த பிறகும் இவை ஒயினைக் காக்கின்றன. நாவை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு டானினால் வருவது. ஆண்டுகள் போகப்போக டானின் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஒரு பகுதி வண்டலாகக் கீழே படியும், துவர்ப்பு தணியும். ஒயின் 'பழுக்கிறது' என்பது பெருமளவு இதுதான். ஆனால் காற்று மெல்ல மெல்ல உள்ளே போய்க்கொண்டும் இருக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் பழுப்பது அழுகலாகும்.

அந்தக் கட்டம் எது? ரோமர்கள் விடாமல் வாதிட்ட கேள்வி இது. ஃபலேர்னியன் பத்து ஆண்டில் குடிக்கத் தகுதி பெறும், பதினைந்திலிருந்து இருபதுக்குள் உச்சம், அதற்கு மேல் தலைவலி என்று ஒரு மருத்துவக் கணக்கு அதேனேயஸின் நூலில் பதிவாகியிருக்கிறது. சொரெண்டோ ஒயினுக்கு இருபத்தைந்து ஆண்டு வேண்டுமாம். இதே சொரெண்டோவைப் பற்றிப் பேரரசர் திபேரியஸ் சொன்னதையும் பிளினி தருகிறார்: வைத்தியர்கள் கூடிப் பேசி அதற்குப் புகழ் தேடித் தந்துவிட்டார்கள், மற்றபடி அது உயர்குலத்து வினிகர்தான். வைத்தியர் பேச்சை நம்பலாமா, சொந்த நாக்கை நம்பலாமா? அரசருக்கே அந்தக் குழப்பம்.

வயதின் மேல் இருந்த மோகத்துக்குப் பெரிய உதாரணம் ஓபிமியன். பொ.யு.மு. 121இல் லூசியஸ் ஓபிமியஸ் கன்சலாக இருந்தார். ரோமர்கள் ஆண்டுக்கு எண் போடாமல் கன்சல் பெயரைப் போடுவார்கள். சாடியிலும் அப்படியே எழுதுவார்கள். கையஸ் கிராக்கஸ் கொல்லப்பட்டது அந்த ஆண்டில்தான். அந்த ஆண்டு வெயில் அருமையாகக் காய்ந்தது, திராட்சை அபாரமாக விளைந்தது. தெருவில் ரத்தம் ஓடிய ஆண்டின் பெயர் ஒயினுக்குப் பெருமையாக நிலைத்துப்போனது.

கிட்டத்தட்ட இருநூறு ஆண்டு கழித்து பிளினி எழுதும்போதும் அதில் கொஞ்சம் மிச்சமிருந்தது. எப்படி இருந்தது தெரியுமா? கரடுமுரடான தேன்போல இறுகிவிட்டிருந்தது. அடக்க முடியாத கசப்பு. தண்ணீர் விட்டாலும் குடிக்க முடியாது. மற்ற ஒயின்களுக்கு மணம் சேர்க்கத் துளித்துளியாகப் பயன்படுத்தினார்கள். பிளினி அதன் விலையை 6 விழுக்காடு வட்டி போட்டு 160 ஆண்டுக்குக் கணக்குப் பார்க்கிறார். ஒயின் அங்கே பானம் என்ற நிலையைத் தாண்டி முதலீடாகிவிட்டது.

இதைச் சிசெரோ அதற்கு முன்பே உணர்ந்திருந்தார். பொ.யு.மு. 46இல் எழுதிய 'புரூட்டஸ்' நூலில் பேச்சுக்கலையைப் பற்றிச் சொல்லும்போது ஃபலேர்னியனை உவமை ஆக்குகிறார். போன வருஷத்துச் சரக்கும் வேண்டாம், ஓபிமியஸ் காலத்துச் சரக்கும் வேண்டாம். மிதமிஞ்சிய பழமையில் நாம் தேடும் இனிமை இருக்காது. பழைய நடையை அப்படியே நகலெடுப்பவர்களுக்கு அவர் வைத்த குட்டு அது. நம்மூர் எழுத்தாளர்கள் சிலரை நினைத்து நானும் சிரித்துக்கொண்டேன்.

பெட்ரோனியஸின் நாவலில் இன்னும் பெரிய சிரிப்பு உண்டு. திரிமால்கியோ என்ற புதுப்பணக்காரன் விருந்தில் 'ஓபிமியன் ஃபலேர்னியன், நூறு வயது' என்று சீட்டு ஒட்டிய சாடிகள் வருகின்றன. கதை நடக்கும் காலத்தில் உண்மையான ஓபிமியனுக்கு நூறைத் தாண்டி வெகுகாலம் ஆகியிருக்கும். சீட்டுக்கு மட்டும் வயது ஏறவில்லை! கேலனும் சீட்டைப் படித்தார், ஆனால் தீர்ப்பை நாக்கிடம் விட்டார். திரிமால்கியோவுக்குச் சீட்டே போதும்.

வயதைக் குறுக்குவழியில் ஏற்றும் கலையும் அப்போதே இருந்தது. சாடிகளைப் புகையறையில் வைத்துச் சூடேற்றுவார்கள். மசிலியாவின், அதாவது இன்றைய மார்சேயின், புகைநாற்ற ஒயினைக் கவிஞர் மார்ஷியல் கேலி செய்திருக்கிறார். கிரேக்கத் தீவான கோஸில் ஒயினோடு கடல்நீரையே கலந்தார்கள். ஓர் அடிமை திருடிக் குடித்துவிட்டு அளவைச் சரிக்கட்ட ஊற்றிய கடல்நீரிலிருந்து அந்த வழக்கம் பிறந்தது என்கிறார் பிளினி. உப்பு ஒயினைக் கெடாமல் காக்கவும் உதவியது.

இந்த உப்பு ஒயின்தான் நம் கரைவரை வந்தது என்று தோன்றுகிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டியபோது மத்தியதரைக்கடல் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. அவற்றில் கணிசமானவை இரண்டு மண்தண்டுகளை ஒட்டிச் செய்த கைப்பிடி கொண்ட கோஸ் வகைச் சாடிகள். முசிறிக்கு வந்த சரக்குகளில் ஒயினையும் 'பெரிப்ளஸ்' குறிப்பிடுகிறது, அதிகமில்லை என்ற குறிப்போடு. செங்கடலின் வெக்கையையும் பருவக்காற்றையும் தாண்டி வந்த சரக்கு. அதைப் பற்றி நக்கீரர் புறநானூறு 56இல் பாண்டியன் நன்மாறனிடம் சொல்வது இரண்டே குணங்கள்: குளிர்ச்சி, நறுமணம். ஊர்ச்சரக்குக்குத் தேள், யவனர் சரக்குக்குக் குளிர்ச்சி. இதில் நாக்கின் தீர்ப்பு எவ்வளவு, அயல்நாட்டுப் பொருள் மேலுள்ள மரியாதை எவ்வளவு என்று பிரிக்க என்னால் முடியவில்லை. பொன் கலத்தில் பெண்கள் ஏந்தித் தரும்போது எந்த நாக்கும் கொஞ்சம் இளகத்தான் செய்யும்.

ஃபலேர்னியனின் புகழும் நிற்கவில்லை. தரத்தைவிட அளவில் கண் வைத்துக் கெடுத்துவிட்டார்கள் என்று பிளினி தன் காலத்திலேயே புலம்புகிறார். இன்று அந்த வட்டாரத்தில் அதே பெயரில் ஒயின் செய்கிறார்கள். ஆனால் கேலன் நாக்கில் வைத்தது அதுவல்ல.

2019இல் ஸ்பெயினின் கார்மோனா ஊரில் ஒரு ரோமக் கல்லறை திறக்கப்பட்டது. ஒரு கண்ணாடித் தாழிக்குள், எரித்த எலும்புகளோடு, சுமார் ஐந்து லிட்டர் செந்நிறத் திரவம் இருந்தது. 2024இல் ஆய்வு முடிவு வெளியானது: அது வெள்ளை ஒயின், இரண்டாயிரம் ஆண்டுப் பழையது. சிவப்பு ஒயினின் முக்கிய நிறமியான மால்விடின் சிதைந்து விட்டுச்செல்லும் அமிலம் அதில் இல்லை என்பதை வைத்து அப்படிச் சொன்னார்கள். வேதியியல் அதன் வகையைச் சொல்லிவிட்டது. ருசியைச் சொல்ல வழியில்லை. ருசிக்கு நம்மிடம் மிஞ்சியிருப்பது பிளினியின் மூன்று சொற்களும், கேலன் தேடிய கசப்பின்மையும், ஔவையின் தேளும்தான். திரவத்தைவிட அவை நன்றாகவே தாங்கியிருக்கின்றன.