பிறர் கணக்கில் நம் முன்னோர்: செட்டிநாட்டு உழைப்பாளர் குடும்பங்களின் வரலாற்றைத் தேடுதல்

காரைக்குடி வட்டாரத்தில் நகரத்தார் குடும்பம் ஒன்றின் முன்னோரைத் தேடுவது கடினமன்று. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி உள்ளிட்ட ஒன்பது கோயில்களின் வழியே பிரிவு கொண்ட சமூகம் அது. திருமணம் கோயிலில் பதிவாகிறது. மணநாளில் இசைகுடிமானம் எழுதப்படுகிறது. பர்மாவிலும் மலாயாவிலும் நடந்த கொடுக்கல் வாங்கலுக்குப் பேரேடுகள் இருந்தன. அதே ஊர்களின் சேரிகளில் பிறந்த ஒரு மாணவர் தம் பாட்டனாரின் தகப்பனார் யார் என்று கேட்டால், பெரும்பாலும் அந்த இடத்திலேயே நூல் அறுந்துவிடுகிறது.

எழுத்தறிவின்மையே இதற்குக் காரணம் என்று சொல்லி நகர்ந்துவிடுவது வழக்கம். அது பாதி உண்மைகூட இல்லை. அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் 1930 டிசம்பரில் கள்ளர்கள் தீண்டப்படாத மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக்கூடாது, தங்க வெள்ளி நகை அணியக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்பணியக்கூடாது என்பவை அவற்றுட் சில. மீறியோரின் குடிசைகள் எரிக்கப்பட்டன. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் படிக்கக்கூடாது, மிராசுதாரரின் மாடுகளை மட்டுமே மேய்க்க வேண்டும்; வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் உழக்கூடாது; சொந்த நிலம் இருந்தால் மிராசுதாரருக்கே மலிவு விலையில் விற்றுவிட வேண்டும். அவ்வாண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஒரு குடும்பத்தின் பெயர் தாளில் ஏறுவதற்குரிய வழிகள் இரண்டு: பள்ளி, நிலம். அவ்விரண்டையும் குறிவைத்தே இப்பட்டியல் எழுதப்பட்டது. நம் குடும்பங்களிடம் ஆவணம் இல்லாமற்போனது தற்செயலன்று. அது தடையின் விளைவு.

அமெரிக்கத் தென்மாநிலங்களின் கறுப்பினக் குடும்பங்கள் இதே சுவரில் மோதுகின்றன. அங்கே 1850, 1860 ஆண்டுகளின் அடிமைப் பட்டியல்களில் உடைமையாளரின் பெயர் இருக்கிறது. அவருக்குக் கீழே பெரும்பாலும் பெயரின்றி வயது, பால், நிறம் போன்றவையே. 1870இல்தான் விடுதலை பெற்றோர் பெயரோடு எண்ணப்பட்டனர். ஆயினும் கணக்கெடுப்பின் வீட்டுவாரிப் படிவங்கள் அங்கே 72 ஆண்டுகளுக்குப் பின் பொதுமக்களுக்குத் திறக்கப்படுகின்றன. பருத்தி ஆலைத் தொழிலாளியின் பேத்தி 1950ஆம் ஆண்டுப் படிவத்தில் தன் பாட்டியைக் காணமுடியும். இந்தியாவில் தனிநபர் படிவங்கள் பார்வைக்குக் கிடையா. ஆகவே நாம் வேறு கணக்குகளைத்தான் புரட்ட வேண்டும்.

முதலில் ஊர்க்கணக்கு. சிவகங்கை, 1803 முதல் நிலையான தீர்வை கொண்ட ஜமீன். 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே இங்கு ரயத்துவாரி நிலவரித்திட்டம் வந்தது. எனவே, மற்றப் பகுதிகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கிடைக்கும் புலவாரிப் பதிவேட்டை இங்கு எதிர்பார்க்க முடியாது. நிலமற்ற பண்ணையாளின் பெயர் அதன் பிறகும் பட்டாவில் வராது. நத்தம் பதிவேட்டில் குடியிருப்பு மனைக்கு எதிரே வரக்கூடும். பழைய கணக்குகள் பசலி ஆண்டில் இருக்கும். 590ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு. பசலி 1360 என்பது 1950 ஜூலையில் தொடங்கியது. பழைய தாள்களில் மாவட்டத்தின் பெயர் இராமநாதபுரம் என்றே இருக்கும். சிவகங்கை தனி மாவட்டமானது 1985இல்தான். 1980 வரை கர்ணமும் மணியக்காரரும் வைத்திருந்த பிறப்பு இறப்புப் பதிவேடுகளையும் கேட்டுப் பெற வேண்டும். அவற்றில் குழந்தைக்குப் பெயர் இருக்காது, தகப்பன் பெயரே இருக்கும் என்பதற்கு ஆயத்தமாகச் செல்வது நல்லது.

அடுத்தது கடல் கடந்தோர். நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற 1,52,184 பேருக்கும் கப்பற்பட்டியல் உண்டு: பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், வட்டம். ஆனால் இராமநாதபுரத்து மக்கள் பெருமளவில் சென்றது இலங்கைத் தோட்டங்களுக்கு; அதுவும் கங்காணியின் பின்னே. அங்கே ஒப்பந்தத்தின் இடத்தில் கடன் இருந்தது. தோட்டம் மாறும் தொழிலாளியின் கையில் இருந்த 'துண்டு' அவருடைய கடன் தொகையைச் சொன்னது. 1921இல் அம்முறை ஒழிந்தது. அந்தக் குடும்பங்களைத் தேடுவோர்க்கு 1949ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் தரப்பட்ட விண்ணப்பங்களும், 1964 அக்டோபர் 30 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் தாயகம் திரும்பியோரின் குடும்ப அட்டைகளுமே பற்றுக்கோடு. நாடற்றவராக்கப்பட்டதால்தான் அவர்கள் தம் பெற்றோரை எழுத்தில் நிறுவ வேண்டியிருந்தது என்பது கசப்பான உண்மை. வீட்டுப் பரணில் கிடக்கும் அந்த அட்டையை எறிந்துவிடாதீர்கள்.

ஆலைக்குச் சென்றோர் வழி சற்று எளிது. மதுரை ஹார்வி ஆலைகளிலோ காளையார்கோவில் ஆலையிலோ வேலை செய்த தாத்தாவின் வருங்கால வைப்புநிதித் தாளில் வாரிசுதாரர் பெயர் இருக்கும். 1952க்கு முந்திய காலத்துக்கு அது உதவாது.

தாளைவிட முன்னதாகச் செய்ய வேண்டியது ஒன்றுண்டு: பாட்டியிடம் அமர்வது. நம் குடும்பங்களில் பாட்டனாரின் பெயரைப் பேரனுக்கு இடுவது மரபு. 'பேரன்' என்ற சொல்லே பெயரன்தான். ஒன்றுவிட்ட தலைமுறைகளில் ஒரே பெயர் திரும்பினால் அது தடயம். பாட்டி பிறந்த ஊர், அவ்வூரின் குலசாமி, பங்காளிகள் பிரிந்துபோன காரணம் ஆகியவற்றை அவர் குரலிலேயே பதிவு செய்யுங்கள். ஆண்வழியை மட்டும் கேட்டால் பாதிக் குடும்பம் காணாமற்போகும்.

இறுதியாகத் தேவாலயப் பதிவேடு. சருகணி, இடைக்காட்டூர் போன்ற பழைய பங்குகளின் ஞானஸ்நானப் பதிவுகளில் தாய், தகப்பன், ஞானப் பெற்றோர் பெயர்கள் கிடைக்கக்கூடும். ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு இதைவிட வளமான ஆவணம் அரிது. இதைவிட ஆபத்தானதும் அரிது. 1950ஆம் ஆண்டு அட்டவணைச் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி இன்றும் தலித் கிறித்தவர்களை விலக்கி வைத்திருக்கிறது. 2024 நவம்பரில் புதுச்சேரி வழக்கு ஒன்றில், சாதிச் சான்றிதழ் கேட்ட பெண்ணுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் சுட்டிய சான்றுகளுள் அவருடைய ஞானஸ்நானப் பதிவும் இருந்தது. நம் முன்னோரைப் பெயர் சொல்லி எழுதி வைத்த ஒரே ஏடு, பேத்தியின் உரிமையை மறுக்கும் சாட்சியாகவும் நிற்கிறது. எனவே இந்தப் பதிவுகளைத் திரட்டும் மாணவர்கள், உயிரோடிருக்கும் உறவினர் ஒவ்வொருவரின் ஒப்புதலும் பெறாமல் குடும்ப மரத்தை இணையத்தில் ஏற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.