உட்கார்ந்தபடி பிறந்த துறை

இரும்பைப் பக்கம் பனை அதிகம். விழுப்புரம் மாவட்டமே பனையேறிகளுக்குப் பேர்போனது. மரத்திலிருந்து தவறி விழுந்த ஆளை வண்டியில் போட்டுக்கொண்டு திண்டிவனம் சாலையில் ஏறினால் புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை. உயிரைக் காப்பாற்றி, உடைந்த முதுகெலும்பைத் தகடும் திருகாணியும் போட்டு நிறுத்திவிடுவார்கள். தண்டுவடம் நசுங்கியிருந்தால், அதற்கு அப்புறம்தான் பெரிய பாடு. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாத உடம்போடு மிச்ச ஆயுளை எப்படி நடத்துவது? அதைச் சொல்லித்தருவதற்கென்றே ஒரு மருத்துவத் துறை உண்டு. அது நம் நாட்டில் வேரூன்றியது வேலூரில். காரணமும் ஒரு விபத்துதான்.

1954 ஜனவரி 30. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் இளம் மருத்துவர்கள் வேனில் சுற்றுலா கிளம்பினார்கள். முன்னால் போன பஸ்ஸை முந்தப்போன வேன் மைல்கல்லில் மோதிப் புரண்டது. அதில் இருந்த கொச்சிக்காரர் மேரி வர்கீஸுக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. மகப்பேறு மருத்துவராகும் ஆசையில் இருந்தவர். முகம் கிழிந்தது, தண்டுவடம் சிதைந்து கால்கள் செயலிழந்தன.

அப்போது சி.எம்.சி.யில் பால் பிராண்ட் இருந்தார். தொழுநோயால் உணர்விழந்து மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையில் உலகமே திரும்பிப் பார்த்த மனிதர். கை அறுவையை உட்கார்ந்தே செய்யலாமே என்று மேரிக்கு வழிகாட்டியவர் அவர். நோயாளியின் கையை மேசையில் நீட்டிவைத்து, நன்றாக வேலைசெய்யும் தசைநாண் ஒன்றைப் பிரித்தெடுத்து, செயலிழந்த விரலுக்கு மாற்றித் தைக்கிற நுணுக்கமான வேலை. சக்கர நாற்காலியை மேசையோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு மேரி அதைச் செய்தார். மேசைக்கு மேலே, சுட்டாலும் தெரியாத கை. மேசைக்குக் கீழே, குத்தினாலும் தெரியாத கால். உணராத தோலைக் கண்தான் காவல் காக்க வேண்டும் என்பதை அந்த மேசையின் இரண்டு பக்கமும் அறிந்திருந்தன.

அந்தக் காவல் தவறியதால்தான் ஒரு காலத்தில் தண்டுவடக் காயக்காரர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் காயத்தால் அல்ல. படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளிகளைப் புரட்டிப் படுக்கவைக்கச் செய்து அந்தக் கணக்கையே மாற்றினார்.

இப்படி உடம்பைக் காத்து வாழக் கற்கும் மறுவாழ்வுப் பயிற்சியை மேரி ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் எடுத்தார். பிறகு நியூயார்க் போய், மறுவாழ்வு மருத்துவ முன்னோடியான ஹோவர்ட் ரஸ்க் என்பவரின் நிறுவனத்தில் அதையே மருத்துவப் படிப்பாகப் படித்தார். தன் கைத்திறனோடு நின்றிருக்கலாம். அறுவை நிபுணர் என்ற பெயருக்கு இருந்த மரியாதையை விட்டு, இங்கே அவ்வளவாக யாரும் கேள்விப்படாத ஒரு துறைக்குத் தாவியதைத்தான் நான் பெரிய துணிச்சலாக நினைக்கிறேன். 1963இல் சி.எம்.சி.யின் உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறைக்குத் தலைவரானார். 1966இல் வேலூரை அடுத்த பாகாயத்தில், நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. நாட்டிலேயே முதலாவது. 1972இல் பத்மஸ்ரீ வந்தது.

இந்த வேலைக்கு வர நினைக்கிற மாணவருக்கு எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு மூன்று வருட எம்.டி. படிப்பு இருக்கிறது, பி.எம்.ஆர். என்பார்கள். சினிமாவில் காட்டுகிற மாதிரி நோயாளி திடீரென்று எழுந்து நடந்துவிட மாட்டார். வீல்சேரில் இருப்பவர் அடிக்கடி இரண்டு கைகளையும் ஊன்றிப் புட்டத்தைத் தூக்கி இறக்கப் பழக வேண்டும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை தானே கதீட்டர் போட்டுச் சிறுநீரை இறக்க வேண்டும். குளிக்கும்போது முதுகையும் குதிகாலையும் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். மலம் கழிக்கும் நேரத்தையும் கணவன் மனைவி உறவையும் பற்றி டாக்டர் கூச்சப்படாமல் பேசியாக வேண்டும். பிசியோ, நர்ஸ், செயற்கை உறுப்பு செய்பவர், சமூகப்பணியாளர் எல்லோரோடும் ஒரே மேசையில் உட்காரத் தெரியாதவருக்கு இந்தத் துறை சரிப்படாது.

மேரி வர்கீஸ் 1986இல் காலமானார். பாகாயத்தில் ரிஹாப் மேளா என்று ஒன்று நடத்துகிறார்கள். அங்கே தங்கி வீடு திரும்பிய பழைய நோயாளிகள் கூடுகிறார்கள். சிறுநீரகமும் தோலும் சரியாக இருக்கின்றனவா என்று பரிசோதித்துக்கொள்கிறார்கள். பிறகு போட்டி விளையாட்டுகளில் இறங்கிவிடுகிறார்கள்.