துளைக்கு முன் வடிவம்

1940களின் கோபன்ஹேகன். சிக்ஸ்டன் ஈவர்சன் என்றொரு ஸ்வீடன்காரர் அந்த ஊரில் கடன் பாக்கி வசூலித்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் அவருடைய சுங்கான் உடைந்துபோனது. புதிது வாங்கத் தோதில்லை. ஸூர் என்பவரின் சுங்கான் பட்டறைக்குப் போய், மெஷினைக் கொஞ்சம் கொடுங்கள், நானே சரிபண்ணிக்கொள்கிறேன் என்று கேட்டிருக்கிறார். அவர் சரிசெய்த விதத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே வேலை கொடுத்துவிட்டார்கள். சுங்கான் செய்பவர்கள் மத்தியில் பல வருடங்களாகச் சுற்றிவரும் கதை இது. சொல்லிச் சொல்லியே கொஞ்சம் வழவழப்பாகியிருக்கும். ஆனால் வசூல்காரர் ரிப்பேர்க்காரரானதும், அந்த ரிப்பேர்க்காரரால் ஒரு தொழிலே தலைகீழாகத் திரும்பியதும் நடந்த விஷயங்கள்.

சுங்கான் என்ற சொல் உங்களில் பலருக்குப் புதிதாக இருக்கலாம். பேச்சில் எல்லாரும் பைப் என்றுதான் சொல்கிறோம். கட்டுரை முழுக்க பைப், பைப் என்று எழுதினால் குடிநீர் வாரியத்தைப் பற்றிய கட்டுரையாகிவிடும் என்பதால் பழைய சொல்லையே வைத்துக்கொள்கிறேன். நம் ஊரில் புகை பெரும்பாலும் சுருட்டு வழியாகத்தான் போனது. ஆங்கிலத்தின் ‘செரூட்’ நம்மிடமிருந்து போன சொல். சுங்கான் துரைமார் சமாச்சாரம். பிறகு கறுப்பு வெள்ளைப் படங்களில் மாடிப்படி இறங்கிவரும் பணக்கார அப்பாக்கள் அதை வாயில் வைத்துக்கொண்டார்கள். மரத்தால் செய்த ஒரு பொருளாக அதை நாம் பார்த்ததே இல்லை.

மரச்சுங்கானுக்கு வயது ரொம்பக் குறைவு. ஐரோப்பா புகைக்கக் கற்றுக்கொண்டு முதல் இரண்டரை நூற்றாண்டுகள் பெரும்பாலும் களிமண்ணில்தான் புகைத்தது. வெள்ளைக் களிமண்ணை உருட்டி, கம்பி விட்டுத் துளைத்து, அச்சில் அழுத்திச் சுட்டது. விலை மலிவு, சட்டென்று உடையும், தூக்கிப் போட்டுவிடலாம். தேம்ஸ் நதியின் சேற்றில் இன்றைக்கும் அதன் துண்டுகள் கிடைக்கின்றன. காலம் போகப் போகக் குழாய் நீண்டது, உள்ளே இருந்த துளை மெலிந்தது. ஜே. சி. ஹாரிங்டன் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் 1954இல் இந்தத் துளைகளை டிரில் பிட் விட்டு அளந்தார். 1600களின் முற்பகுதியில் ஓர் அங்குலத்தின் 64இல் 9 பங்கு இருந்தது, 1700களின் பிற்பகுதியில் 4 பங்காகச் சுருங்கியிருந்தது. அப்புறம் என்ன, ஒரு புதைமேட்டில் கிடைத்த உடைந்த குழாய்களின் துளையை அளந்தாலே அது எந்தக் காலத்துக் குப்பை என்று ஓரளவு சொல்லிவிடலாம். பானை ஓடு செய்கிற வேலையை அங்கே சுங்கான் துண்டு செய்கிறது.

மரத்தில் ஏன் செய்யவில்லை என்றால் காரணம் எளிது. மரம் எரியும். உள்ளே தணலை வைத்துக்கொண்டு ஒரு மணிநேரம் தாங்குகிற மரம் வேண்டும். அது மத்தியதரைக் கடலோரக் குன்றுகளில் இருந்தது. பிரெஞ்சில் புரூயேர், ஆங்கிலத்தில் பிரையர். தாவரவியல் பெயர் எரிகா ஆர்போரியா. பார்த்தால் வெறும் புதர். ஆனால் தண்டும் வேரும் சேரும் இடத்தில், மண்ணுக்குள், ஒரு முடிச்சு வளர்கிறது. காட்டுத் தீயில் மேலே எல்லாம் எரிந்துபோனாலும் அந்த முடிச்சிலிருந்துதான் செடி மறுபடி துளிர்க்கும். தீயைத் தாண்டிப் பிழைப்பதற்கென்றே வளர்ந்த கட்டை. மனிதன் அதைத் தோண்டி எடுத்து உள்ளே தீயை வைத்தான்.

1850களில் இந்தக் கட்டை பிரான்சின் ஜூரா மலைப்பகுதியில் இருக்கும் சாங்-க்ளோட் என்ற ஊருக்கு வந்து சேர்ந்தது. ஏன் அந்த ஊர்? அது யாத்திரைத் தலம். புனிதர் கிளாடியஸின் மடத்துக்கு வருகிறவர்களுக்காகத் தலைமுறை தலைமுறையாக ஜெபமாலையும் சிறு சொரூபங்களும் கடைந்துகொடுத்த ஊர். கடைசல் தெரிந்த கைகள் ஏற்கெனவே அங்கே இருந்தன, பியென் ஆற்றின் வேகம் பட்டறைகளைச் சுற்றியது. ஜெபமாலை மணி கடைந்தவர்களின் வாரிசுகள் சுங்கான் கடைந்து உலகத்துக்கே அனுப்பினார்கள். பழநியில் விபூதிச் சம்புடம் கடைபவர்கள் திடீரென்று உலகம் முழுவதற்கும் ஹுக்கா செய்தால் எப்படி இருக்கும், அந்த மாதிரி.

ஆனால் தொழிற்சாலைச் சுங்கானுக்கு ஒரு விதி இருந்தது. முதலில் கட்டையில் குழி. பிறகு அந்தக் குழியை மையமாக வைத்து வெளிப்புறத்தை மெஷின் சுற்றிச் செதுக்கும். ஆகவே வடிவம் எப்போதும் துளைக்கு அடிமை. வட்டமாக, சமச்சீராக, அச்சுக்குள் அடங்கியதாகத்தான் வரும். லண்டன் கடைகள் இந்த வடிவங்களுக்குப் பெயரும் எண்ணும் கொடுத்து வைத்தன. கட்டைக்குள் ரேகை எப்படி ஓடுகிறது என்பது மெஷினுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

1940 ஏப்ரலில் ஜெர்மனி டென்மார்க்கைப் பிடித்தது. பிரையர் வரத்து நின்றுபோனது. போல் நீல்சன் என்பவர் கிடைத்த பீச் மரத்தில் சுங்கான் செய்து விற்றார். மோசமான மரம், ஆனால் வேறு கிடையாது. போர் முடிந்து பிரையர் திரும்ப வந்ததும் மக்கள் பீச்சைத் திரும்பிப் பார்க்கவில்லை. நீல்சன் தன் சரக்குக்கு ஆங்கிலேயத் தொனியில் ஸ்டான்வெல் என்று பெயர் வைத்தார்; பிற்பாடு தன் பெயரையே அப்படி மாற்றிக்கொண்டார். அந்த ஸ்டான்வெல்லுக்கு வடிவங்கள் வரைந்துகொடுத்தவர்களில் முக்கியமானவர் நம்முடைய வசூல்காரர் ஈவர்சன்.

ரிப்பேர் வேலை ஒருவருக்கு என்ன கற்றுக்கொடுக்கும்? ஒவ்வொரு சுங்கானும் வேறு மாதிரி உடைந்து வரும். ஒன்றில் குழாய், இன்னொன்றில் கழுத்து, மற்றதில் துளை தப்பான இடத்தில் இறங்கியிருக்கும். மாதிரி எண் வைத்து அதைச் செய்ய முடியாது. கையில் இருப்பதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். 1950களின் தொடக்கத்தில் தனியாகப் பட்டறை வைத்தபோது ஈவர்சன் தொழிலின் வரிசையைத் திருப்பிப்போட்டார். முதலில் வடிவம், கடைசியில் துளை. கட்டையைத் தண்ணீரில் நனைத்து ரேகையைப் பார். அது எந்தப் பக்கம் எழுகிறதோ அந்தப் பக்கம் சுங்கான் எழட்டும். சுழலும் உப்புத்தாள் வட்டில் கையால் பிடித்துத் தேய். உருவம் வந்த பிறகு துளை போடு.

கேட்க எளிமையாக இருக்கிறது, இல்லையா? செய்து பாருங்கள் தெரியும். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட ஒரு மூலைதான் என் பட்டறை. ஒரு சின்ன லேத், ஒரு டிரில், நாலைந்து உளி, அரம். கரண்டியும் கிண்ணமும் செய்கிறவன் நான். சுங்கான் செய்ததில்லை, செய்யப்போவதும் இல்லை. ஆனால் மரம் தெரிந்த யாருக்கும் அந்தத் துளையின் கணக்கு வயிற்றைக் கலக்கும். புகையிலை வைக்கும் குழி சுமார் இரண்டு சென்டிமீட்டர் அகலம். கழுத்து வழியாக வரும் காற்றுத் துளை நாலு மில்லிமீட்டருக்கும் குறைவு. அது குழியின் அடிமட்டத்தில், சரியாக நடுவில், வந்து திறக்க வேண்டும். கொஞ்சம் மேலே போனால் அடியில் ஈரம் தேங்கிக் குடல் புரட்டும். கீழே போனால் அடிப்பாகம் மெலிந்து எரிந்து ஓட்டையாகும். சதுரக் கட்டையை வைஸில் இறுக்கிக் கோடு போட்டுத் துளைப்பது யாராலும் முடியும். எந்தப் பக்கமும் நேர்கோடு இல்லாத, நத்தை மாதிரி வளைந்த ஓர் உருவத்தைக் கையில் பிடித்து, சுற்றும் பிட்டின்மேல் ஏற்றி, கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் இரண்டு துளைகளையும் சந்திக்க வைக்க வேண்டும். அதுவும் இத்தனை மணிநேர வேலைக்குப் பிறகு!

இதற்கு நடுவில் கட்டை வேறு கழுத்தறுக்கும். பிரையர் மண்ணுக்குள் வளர்வதால் சின்னக் கற்களையும் மணலையும் விழுங்கி மூடிக்கொண்டிருக்கும். பல மணிநேரம் கொதிக்கவைத்துச் சாறு இறக்கி, மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில், உலர்த்திய கட்டை. வெளியே பார்த்தால் சுத்தமாக இருக்கும். முக்கால்வாசி தேய்த்த பிறகு நட்டநடுவில் கறுப்பாக ஒரு பள்ளம் வாயைத் திறக்கும். இரண்டே வழிதான்: பள்ளம் போகும்வரை தேய்த்து வடிவத்தை மாற்று, அல்லது அடுப்பில் போடு. தொழிற்சாலைகள் அதில் பசையும் தூளும் வைத்து அடைத்துச் சாயம் பூசின. கைவினைஞர்கள் அதைக் கேவலமாக நினைத்தார்கள். டேனிஷ் சுங்கான்களின் விசித்திரமான வளைவுகளில் சில அழகுக்காக வந்தவை, சில பள்ளத்துக்குப் பயந்து ஒதுங்கியவை என்பது என் ஊகம்.

ஈவர்சனைச் சுற்றி ஒரு பரம்பரையே உருவானது. மகன் லார்ஸ், பேத்தி நன்னா. ஜப்பானிலிருந்து 1970களில் ஹிரோயுகி டோகுடோமி வந்து கற்றுக்கொண்டு போனார். அவர் செய்தவை சுங்கானைவிட ஆற்றில் உருண்ட கூழாங்கல்லைத்தான் அதிகம் ஞாபகப்படுத்தும். ஸ்வீடனில் போ நூர்த். இளவயதில் மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்தவர், வீட்டுப் பட்டறையில் உட்கார்ந்தபடியே ‘பாலரீனா’, ‘ராம்சேஸ்’ என்ற வடிவங்களை உண்டாக்கினார். ரேகை ஒவ்வொன்றும் அடியிலிருந்து விளிம்புவரை தலைவாரினாற்போல நேராக நிற்கும். எத்தனையோ கட்டைகளைக் கழித்தால்தான் அப்படி ஒன்று கிடைக்கும். சிரமம் பிடித்த மனிதர். 2006இல் இறந்தார்.

இங்கேதான் எனக்கு ஒரு நெருடல்.

1950 செப்டம்பரில் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் புகைக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை எண்களோடு வெளியிட்டார்கள். ஏறக்குறைய அதே சமயத்தில்தான் ஈவர்சன் தனிப் பட்டறை வைக்கிறார். அதாவது, சுங்கான் ஒரு கலையாக எழுந்த வருடங்களும் அதன் வேலை என்ன என்று உலகத்துக்குப் புரிந்த வருடங்களும் ஒன்றே. 1964இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை வந்தபோது சுங்கான்காரர்களுக்கு ஆபத்து சிகரெட்காரர்களைவிடக் குறைவு என்று அதில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு பலர் சிகரெட்டை விட்டுவிட்டுச் சுங்கானுக்குத் தாவினார்கள். குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமா? 1795லேயே சோமரிங் என்ற ஜெர்மன் மருத்துவர் சுங்கான் பிடிப்பவர்களுக்கு உதட்டில் புற்று வருவதைக் குறித்திருக்கிறார். வாய், தொண்டை, உணவுக்குழாய் என்று பிற்பாடு வந்த ஆய்வுகள் பட்டியலை நீட்டின. லண்டனின் பழைய இடுகாடுகளைத் தோண்டியபோது, களிமண் குழாய் கடித்துக் கடித்துப் பல்வரிசையில் வட்டமாகத் தேய்ந்த ஓட்டையோடு மண்டையோடுகள் கிடைத்தன. அந்தத் துளையையும் யாரோ உட்கார்ந்து அளந்திருப்பார்கள்.

என் தாத்தா சுருட்டுக்காரர். கடைசி எட்டு மாதம் கஞ்சியைத் துணியில் வடிகட்டித்தான் கொடுத்தோம், வாய் திறக்காது. ஆகவே ‘அழகான மரவேலை, அவ்வளவுதான்’ என்று நான் சொல்ல மாட்டேன். இப்போது யூடியூபில் சுங்கான் செய்யும் வீடியோக்கள் ஏகத்துக்கு ஓடுகின்றன. கராஜில் ஒரு தாடிக்காரர், மெல்லிய இசை, சுருள் சுருளாக உதிரும் மரம், கடைசியில் கார்னோபா மெழுகு ஏற்றிய பளபளப்பு. நம் ஊர் சிகரெட் பாக்கெட்டில் 85 சதவீத இடத்தை எச்சரிக்கைப் படம் அடைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம். சுங்கானுக்குப் பாக்கெட்டே கிடையாது. அதன் அழகே அதற்கு விளம்பரம், அதைத் தடைசெய்ய எந்தச் சட்டத்தாலும் முடியாது. புகைக்காத இருபது வயதுப் பையன் ஒருவன் அந்த வீடியோவைப் பார்த்து முதல் சுங்கான் வாங்கினால், அதில் அந்தக் கைவினைஞருக்குப் பங்கில்லை என்று என்னால் வாதாட முடியாது.

அதே சமயம், கண்ணை மூடிக்கொள்ளவும் முடியவில்லை. வாளையும் நாம் அருங்காட்சியகத்தில் நின்று பார்க்கிறோம். ஆனால் வாளுக்கு இல்லாத ஒரு சங்கடம் இதற்கு உண்டு. கூர் மழுங்கிய வாளும் பார்க்க வாள்தான். சுங்கானின் கைத்திறன் முழுக்க உள்ளே, கண்ணுக்குப் படாத அந்தச் சந்திப்பில் இருக்கிறது. பற்றவைத்து இழுத்தால்தான் அது சரியா தப்பா என்று தெரியும். அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது, செய்தவரின் வேலையில் பாதியைப் பார்க்காமல் விடுவது. பற்றவைத்துப் பாருங்கள் என்று நான் சொல்லவும் மாட்டேன்.

சந்தை இதை வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டுவிட்டது. டென்மார்க்கில் போரூப் ஊரிலிருந்த ஸ்டான்வெல் ஆலை 2010 வாக்கில் மூடப்பட்டு, உற்பத்தி இத்தாலிக்குப் போனது. தொழிற்சாலை தேய்ந்தது, தனி ஆட்களின் பட்டறைகள் தங்கின. ஈவர்சனோ நூர்த்தோ செய்த ஒரு சுங்கான் இன்று மறுவிற்பனைக்கு வந்தால் வாங்குகிறவர் முதலில் டார்ச் அடித்துக் குழிக்குள் பார்க்கிறார். உள்சுவரில் கரி ஏறியிருந்தால் விலை இறங்கும். ஒருமுறைகூடப் பற்றவைக்காமல், துளை போட்ட நாளில் இருந்த அதே வெளிர்ப் பழுப்பில் மரம் தெரிந்தால் விலை ஏறும்.