வாட்டர்லூத் தளபதியும் மலைநாட்டு வீதியும்



1815-ஆம் ஆண்டு சரித்திர மாணவர் மறக்கவொண்ணாத ஆண்டு. அவ்வாண்டு மார்ச் 2-ஆம் நாள் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. நாயக்க மரபினனான அதன் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் பின்னர் வேலூருக்குச் சிறையனுப்பப்பட்டான். அதே ஆண்டு ஜூன் 18-ஆம் நாள், இன்றைய பெல்ஜியத்திலுள்ள வாட்டர்லூவில் நெப்போலியனின் படை முறிந்தது. கடல்கள் பல கடந்த இவ்விரு களங்களையும் தம் வாழ்வால் இணைத்தவர் ஒருவர் உண்டு. அவரே சர் எட்வேர்ட் பார்ன்ஸ்.

1776-இல் பிறந்த பார்ன்ஸ், 1792-இல் இளம் பருவத்திலேயே படையிற் சேர்ந்தார். 1812-இல் ஸ்பானியப் போர்முனைக்குச் சென்று, விற்றோரியாவிலும் பிரனீஸ் மலைகளிலும் வெலிங்டனின் கீழ்ப் படைப்பிரிவொன்றை நடத்தினார். 1815-இல் அவர் வெலிங்டனின் படைநிருவாகத் தலைவர். கட்டளைகளை அனுப்பி, ஆட்கணக்கைப் பேணுவது அவர் கடமை. ஆயினும், வாட்டர்லூவுக்கு இரு நாள் முன்னர் காத்ர் பிராவில், ஸ்கொத்லாந்து வீரர் அணியொன்றின் முன்னின்று தாமே பாய்ந்து சென்றார். வாட்டர்லூவில் காயமுற்றார். ஆஸ்தர்லிட்சிலும் வாக்ராமிலும் நெப்போலியனிடம் தோற்று, 1813-இல் லைப்சிக்கில் நேச நாடுகளுடன் கூடி வென்ற ஆஸ்திரியா, தனது மரியா தெரேசா வீர விருதை அவருக்கு வழங்கிற்று.

இத்தகைய போர்வீரர் 1820 முதல் 1822 வரை பதில் தேசாதிபதியாகவும், 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாகவும் இலங்கையை ஆண்டார். 1817, 1818-ஆம் ஆண்டுகளில் ஊவாவில் மூண்ட கிளர்ச்சி, மலையும் வனமும் காக்கும் நாட்டில் படையை நகர்த்துவது எவ்வளவு அரிது என்பதை ஆங்கிலேயருக்கு உணர்த்தியிருந்தது. பார்ன்ஸ் இதற்குக் கண்ட விடை பீரங்கியன்று, வீதி. கொழும்பிலிருந்து கண்டிக்கு 72 மைல் வீதி அமைக்கும் வேலை 1820-இல் தொடங்கியது. கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்து வழி கண்டனர்.

இவ்வேலையை முன்னின்று நடத்திய கப்டன் டோசன் 1829-இல் காலமானார். அவர் நினைவாக எழுப்பிய கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கின்றது. ஆனால், மண் சுமந்தவர் யாவர்? இராஜகாரியம் என்னும் பழைய கட்டாய ஊழியத்தின் பேரில் அழைக்கப்பட்ட கிராமத்துக் குடியானவர் பெருந்தொகையினர் அதில் உழைத்தனர். அவ்வூழியம் 1832-இல்தான் ஒழிந்தது. அவர்களுக்குக் கோபுரம் இல்லை.

படைக்கென வெட்டிய வீதி விரைவில் வர்த்தகத்துக்கும் உரியதாயிற்று. 1825-இல் பார்ன்ஸ் கோப்பியின் ஏற்றுமதி வரியை நீக்கியதோடு, கன்னொறுவையில் தாமே ஒரு கோப்பித் தோட்டமும் திறந்தார். நுவரெலியாவைப் படையினர் உடல்நலம் தேறும் இடமாக்கி, அங்கே ஒரு மாளிகையும் கட்டினார். இன்றைய கிராண்ட் ஹோட்டலின் தொடக்கம் அதுவே.

கோப்பி வளர்ந்தது, கைகள் வேண்டியிருந்தன. தமிழகத்தின் வறண்ட ஊர்களிலிருந்து நம் முன்னோர் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். காய்ச்சலும் தாகமும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. நேயர்களே, இதைச் சற்றே சிந்தியுங்கள். மலையிலிருந்து இறங்கும் கோப்பி மூட்டைக்குச் செப்பனிட்ட வீதி இருந்தது. அதைப் பறிக்க மலையேறி வந்த மனிதருக்கோ ஒற்றையடிப் பாதையே வாய்த்தது.

1869-இல் இலைநோய் தோன்றி, நாளடைவில் கோப்பி அழிந்தது, தேயிலை தழைத்தது. பார்ன்ஸ் 1838-இலேயே மறைந்துவிட்டார். கொழும்பில் அவருக்குச் சிலை எழுந்தது. அதனையே தொடக்கமாகக் கொண்டு வீதித் தூரங்களை அளந்தனர்.

பார்ன்ஸின் ஆற்றலை மறுப்பது சரித்திரம் ஆகாது. அதனை மட்டும் சொல்வதும் சரித்திரம் ஆகாது. தோட்டப் பிள்ளைகள் பயிலும் என் பாடசாலையில் வாட்டர்லூவைக் கற்பிக்கும்போதெல்லாம், மாத்தளைக் காட்டு வழியையும் உடன் கற்பிக்கின்றேன். நெப்போலியனை வென்றவரின் பெயரைப் பாடநூல் சொல்லும். அந்தக் காட்டைக் கடந்தவர்களின் பெயரை வீட்டுப் பெரியோரே சொல்லல் வேண்டும். இன்றிரவே அவர்களைக் கேட்டு, ஓர் ஏட்டில் எழுதி வைப்பீர்களாக.