விபுலாநந்தரும் திருகோணமலையும்: ஓர் இசைக் கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் திருகோணமலைத் துறைமுகத்தையொட்டிய தேவாலயமொன்றில் நான்கு குரல்களில் பாடக் கேட்டேன். உடன் வந்த நண்பர், "இதெல்லாம் சிலப்பதிகாரத்திலேயே உண்டு" என்றார். உண்மைதானா?

ச, க, ப மூன்றும் சேர்ந்தொலிப்பது ஒரு சுரக்கூட்டு. மேலைநாட்டார் 'கார்ட்' என்பர். சட்ஜத்தை மேல் ஸ்தாயிக்கு அனுப்பிக் காந்தாரத்தை அடியில் வைத்தால் அதன் முதல் 'இன்வெர்ஷன்'. பஞ்சமம் அடியில் வந்தால் இரண்டாவது. இதன் பயன் குரல்களை நடத்தும்போது புலப்படும். அடுத்த கூட்டு ம, த, ச என்றால் மூவரும் தாவ வேண்டியதில்லை. சட்ஜம் பாடுபவர் அசையாது நிற்பார். காந்தாரம் மத்தியமத்திற்கும் பஞ்சமம் தைவதத்திற்கும் ஒரு படி ஏறும். 'வாய்ஸ் லீடிங்' என்பது இச்சிக்கனமே.

நம்மிடம் இருந்தது வேறு. மோகனத்தின் ரிஷபத்தை ஆதார சட்ஜமாக்கினால் மத்தியமாவதி. காந்தாரத்தை ஆக்கினால் இந்தோளம். பழந்தமிழ்ப் பாலைத் திரிபின் அடிப்படையும் இதுவே. அதைக் கணக்கிட்டு ஆராய்ந்தவர் விபுலாநந்த அடிகள். அறிவியல் பட்டதாரியான அவர், 1925இல் இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பேற்ற திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்தவர். அவரது யாழ்நூல் 1947 ஜூனில் அரங்கேறியது. ஜூலையில் அவர் மறைந்தார்.

'இன்வெர்ஷனில்' அடிச்சுரம் மாறும், ஆதாரம் மாறாது. பாலைத் திரிபில் ஆதாரமே மாறும். முன்னது பல குரல்களின் ஒருமித்த ஒலி. பின்னது ஒற்றை இசையோட்டம். இரண்டும் ஒன்றல்ல.

நண்பரிடம் இதைச் சொன்னேன். அடிகள் அதிபராயிருந்த ஊரில் நின்று, கணக்குப் பார்க்காமல் பெருமை பேசுவது முறையன்று.